பறங்கி நோய் வந்த கதையும் போன கதையும்



சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு திங்கட்கிழமை காலை, எங்கள் பாடசாலையில் மூன்றாம் வகுப்பிற் பயிலும் சிறுமி ஒருத்தியின் தாய், பிள்ளையைக் கையிற் பிடித்துக்கொண்டு என் அலுவலக வாயிலில் வந்து நின்றார். இரத்தினபுரி மாவட்டத்தில், இறப்பர்த் தோட்டம் ஒன்றின் எல்லையில் அமைந்தது எங்கள் பாடசாலை. பால் வெட்டப் போகவேண்டிய வேளையில், அன்றைய பேரை இழந்து வந்திருந்த அந்தத் தாய், "ஐயா, எம் புள்ளைய மட்டும் ஏன் கடைசி வாங்குல தனியா ஒக்கார வச்சிருக்காங்க?" என்று கேட்டார். குரலிற் கோபம் இல்லை. அதனாலேயே அக்கேள்வி எனக்குக் கடுமையாக இருந்தது. ஏனெனில், அப்பிள்ளையைத் தனியே இருத்தும்படி வகுப்பாசிரியைக்குச் சொன்னவன் நானே.

பிள்ளையின் இடது கன்னத்தில் ஒரு புண் இருந்தது. ஒரு ரூபாய் நாணயத்தின் அளவு. விளிம்பு சற்று உயர்ந்து, நடுவிலே பொருக்குத் தட்டியிருந்தது. வலியில்லை, அரிப்பில்லை, ஆயினும் மூன்று மாதமாக ஆறவுமில்லை. லயங்களில் இதற்குப் பலர் பல காரணம் கூறினர். சிலந்தி எச்சம் பட்டது என்றார் ஒருவர். அம்மனுக்கு நேர்ந்த கடனைச் செலுத்தாததன் குறை என்றார் இன்னொருவர். முதியவள் ஒருத்தி, "இது பறங்கியாக்கும், தொட்டால் ஒட்டும்" என்று கூறிவிட்டாள். அச்சொல் ஒரே நாளில் மூன்று லயங்களையும் சுற்றி வந்தது. மறுநாள் நான்கு பெற்றோர் என்னிடம் வந்து, "அந்தப் பிள்ளையோடு எங்கள் பிள்ளைகளை இருத்தாதீர்கள்" என்றனர். நான் ஆராயவில்லை, இணங்கிவிட்டேன்.

அந்த முதியவள் சொன்ன 'பறங்கி' என்னும் சொல்லைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். கலைப்பட்டம் பெற்ற எனக்கு மருத்துவம் தெரியாது. ஆயினும் ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்க்கும் பழக்கம் வரலாற்று மாணவனுக்கு உண்டு. அத்தேடலிற் கிடைத்தது, நம் நாட்டிலே பல தலைமுறைப் பிள்ளைகளின் முகத்தைக் கெடுத்துப் பின் மறைந்துபோன ஒரு நோயின் வரலாறு.

ஆங்கில மருத்துவ நூல்கள் 'யோஸ்' என்று அழைக்கும் நோயை இலங்கையிற் சிங்களவரும் தமிழரும் பறங்கி நோய் என்றே வழங்கினர். இது பெரிதும் பிள்ளைகளின் நோய். இதற்கு ஆளாகுவோரில் நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். வெப்பமும் ஈரமும் மிகுந்த நாடுகளில், சவர்க்காரமும் நீரும் அரிதாகவும், ஒரே அறையிற் பலர் நெருங்கி வாழ்வதாகவும் உள்ள இடங்களில், இது வேரூன்றும். நோயுற்ற பிள்ளையின் புண்ணிலிருந்து கசியும் நீர், மற்றொரு பிள்ளையின் தோலில் உள்ள சிறு கீறலிற் பட்டால் போதும். விளையாட்டிலே முழங்காலிற் பட்ட சிராய்ப்பே வாயிலாகிவிடும்.

கிருமி புகுந்து ஏறத்தாழ மூன்று வாரத்தில், புகுந்த இடத்திலே ஒரு பருப் போன்ற தடிப்புத் தோன்றும். அது பெருத்து, மேற்புறம் மணிமணியாய்த் திரண்டு, முசுக்கொட்டைப் பழம்போற் காட்சி தரும். இதனை 'தாய்ப் புண்' என்பர். அது ஆறியபின், சில கிழமைகளிலோ சில மாதங்களிலோ, முகத்திலும் கை கால்களிலும் 'சேய்ப் புண்கள்' பல தோன்றும். வாயின் ஓரத்தையும் மூக்கின் அடியையும் அவை மிக விரும்பும். பிரெஞ்சு மொழியில் ராஸ்ப்பெரிப் பழத்திற்கு வழங்கும் பெயரிலிருந்தே 'பிரம்பீசியா' என்ற மருத்துவப் பெயரும் இந்நோய்க்கு வந்தது.

இதனால் இறப்போர் மிகச் சிலரே. அதுவே இந்நோயின் கொடுமையும் ஆகும். கொல்லாத நோயை அரசுகள் எளிதிற் கவனிப்பதில்லை. மருந்தின்றி விடப்பட்டவருள் ஏறத்தாழப் பத்திலொருவருக்கு, பல ஆண்டுகளின் பின், எலும்பும் குருத்தெலும்பும் அரிக்கப்படும். சிலருக்கு மூக்கும் அண்ணமும் அழிந்து முகத்தின் நடுவிலே குழி விழும். என் அப்பாயி, தாம் சிறுமியாயிருந்தபோது சந்தை நாளில் இவ்வாறு மூக்கிழந்த மாது ஒருத்தியைக் கண்டதாகச் சொல்வார். அம்மாது முந்தானையால் முகத்தின் பாதியை மூடிக்கொண்டு, விலை கேட்பதற்கும் கையை மட்டுமே காட்டுவாளாம்.

இனி, பெயருக்கு வருவோம். 1505 ஆம் ஆண்டிலே இலங்கைக் கரையை அடைந்த போர்த்துக்கேயரை நம்மவர் பறங்கியர் என்றனர். அவர்கள் கொண்டுவந்த நோய் இதுவென்று மக்கள் நம்பியமையால் 'பறங்கி நோய்' என்ற பெயர் நிலைத்தது என்பர். போர்த்துக்கேயர் தம்முடன் அழைத்துவந்த ஆபிரிக்கப் போர்வீரர் வழியாக இது வந்திருக்கலாம் என்று கருதியோரும் உளர். தமிழ் மருத்துவத்திலே இத்தகைய புண்களுக்கும் மேகநோய்க்கும் வழங்கப்பட்ட ஒரு கிழங்கு வேருக்கும் பறங்கிப்பட்டை என்றே பெயர். அது சீன தேசத்து வேர். பதினாறாம் நூற்றாண்டிற் போர்த்துக்கேய வணிகர் கோவா வழியாக அதனைப் பரப்பினர். கோவாவில் வாழ்ந்த கார்சியா டா ஓர்த்தா என்னும் போர்த்துக்கேய மருத்துவர், 1563 இல் வெளியிட்ட தம் நூலிலே அவ்வேரைப் பற்றி எழுதியுள்ளார். இவ்வாறு நோயின் பெயரிலும் மருந்தின் பெயரிலும் அந்நியன் ஒருவனே நின்றான்.

ஆனால் பெயரைச் சான்றாகக் கொள்ளுதல் எளிதன்று. மேகப்புண் ஐரோப்பாவிற் பரவியபோது, ஆங்கிலேயர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நகரத்து நோய் என்றனர். எந்த நாட்டாரும் ஒரு நோயைத் தம்முடையது என்று ஏற்றதில்லை. போர்த்துக்கேயர் ஆட்சி செலுத்தாத பசிபிக் தீவுகள் பலவற்றிலும் இந்நோய் இருந்தது. எனவே 'பறங்கி' என்ற சொல், நோய் பிறந்த இடத்தைக் காட்டுவதைவிட, மக்கள் யாருக்கு அஞ்சினர் என்பதையே தெளிவாகக் காட்டுகின்றது.

ஆங்கிலேயர் ஆட்சியிலே இந்நோய் அரசாங்க அறிக்கைகளில் இடம்பெறத் தொடங்கியது. 1868 இல் டாக்டர் ஜேம்ஸ் லூஸ், வன்னிப் பகுதியிலே ஊர்கள் ஆளற்றுப் போவதன் காரணத்தை ஆராய்ந்து அறிக்கை எழுதினார். 1881 இல், தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த வில்லியம் கின்சி பறங்கி நோயைப் பற்றியே தனி அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அக்காலத்தவர் கூறிய காரணங்கள் பல. குளங்கள் உடைந்து கெட்ட நீரை மக்கள் அருந்துகின்றனர் என்பது ஒன்று. நெல்லின்றி வாடுகின்றனர் என்பது மற்றொன்று. ஆளுநர் கிரெகரி 1873 இல் வட மத்திய மாகாணத்தை அமைத்துக் குளங்களைத் திருத்தும் பணியை ஊக்குவித்தபோது, மக்களின் இந்நோய்த் துன்பமும் அவர் கருத்தில் இருந்தது.

இக்காரணங்கள் முற்றிலும் பொய்யல்ல. நீர் பெருகினால் மக்கள் குளிப்பர், புண்ணைக் கழுவுவர், வயிறு நிறைந்தால் உடல் தேறும். எனினும் நீரும் பசியும் நோய்க்கு இடங்கொடுத்த நிலைமைகளேயன்றி, நோயை உண்டாக்கியவை அல்ல. வயலிலே களை பெருகுவதற்கு மழை துணை செய்யும். ஆனால் களையின் விதை மழையன்று.

வேறொரு கருத்தோ பெருந்தீங்கு விளைக்கத் தக்கதாய் இருந்தது. இங்கிலாந்திலே பெரும்புகழ் பெற்றிருந்த சேர் ஜொனதன் ஹட்சின்சன் என்னும் மருத்துவர், யோஸ் என்பது தனி நோயன்று, மேகப்புண்ணே இவ்வாறு வேற்றுருவில் தோன்றுகின்றது என்று வாதித்தார். இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். ஒரு குழந்தையின் முகத்திற் புண் கண்டால், அதன் தாய் தந்தையரின் ஒழுக்கம் ஐயத்திற்கு இடமாகும். மருந்து தேடி வரும் தாய், பழியைத் தலையிற் சுமந்துகொண்டே வரவேண்டும். இதே மருத்துவர், தொழுநோய் கெட்ட மீனை உண்பதால் வருவது என்ற கருத்தையும் இறுதிவரை விடாது பற்றி நின்றார்; தொழுநோய்க் கிருமியை நோர்வே நாட்டு ஹான்சன் 1873 இலேயே கண்டிருந்தும் அவர் மனம் மாறவில்லை. பெரும் படிப்பாளியும் காரணத்தைத் தவறாகக் கூறலாம் என்பதற்கு இது சான்று. லயத்து முதியவளை மட்டும் நாம் குறைகூற இயலாது.

இவ்வழக்கிற்கு ஒளி தந்த இடம் கொழும்பு என்பது நமக்குப் பெருமை. இத்தாலியின் புளோரன்ஸ் நகரிற் பிறந்த அல்டோ கஸ்தெல்லானி என்னும் இளம் மருத்துவர், 1903 இல் இலங்கை வந்து, கொழும்பிலே கிருமியியல் ஆய்வுகூடத்தின் பொறுப்பை ஏற்றார். உகண்டாவிலே தூக்கநோய்க் கிருமியைப் பற்றி ஆராய்ந்து புகழ் பெற்ற பின்னரே அவர் இங்கு வந்தார். 1905 மார்ச்சு மாதத்திலே ஷௌடின், ஹொப்மன் என்னும் இருவர் பெர்லின் நகரில் மேகப்புண்ணின் கிருமியைக் கண்டனர். அது திருகாணிபோற் சுருண்ட நுண்ணிய உயிர். அதே ஆண்டில், பறங்கிப் புண்ணிலிருந்து எடுத்த கசிவை நுண்ணோக்கியால் ஆராய்ந்த கஸ்தெல்லானி, அங்கும் திருகுருவான மெல்லிய கிருமியைக் கண்டார். அதற்கு 'பெர்தெனுவே' என்று அவர் சூட்டிய பெயருக்கு மிக மெல்லியது என்று பொருள். குரங்குகளுக்கு அதனை ஏற்றி, நோய் உண்டாவதையும் அவர் காட்டினார்.

இரு கிருமிகளும் உருவில் ஒன்றே. இன்றைய இரத்தப் பரிசோதனைகளும் பெரும்பாலும் அவற்றைப் பிரித்தறிவதில்லை. மரபணுவை முழுமையாகப் படித்தபின், இரண்டிற்கும் உள்ள வேறுபாடு நூற்றில் 0.2 பங்கினும் குறைவு என்று கண்டுள்ளனர். ஆயினும் அந்த இம்மியளவு வேறுபாட்டிலே மானிட நீதி ஒன்று அடங்கியிருக்கின்றது. பறங்கி நோய் பிள்ளைகளின் விளையாட்டிலே தோல் வழியாகத் தொற்றுவது. பெற்றோரின் ஒழுக்கத்தோடு அதற்கு யாதொரு தொடர்பும் இல்லை. பழி சுமந்த தாய்மாரைக் குற்றமற்றவராக்கிய தீர்ப்பு, கொழும்பின் ஆய்வுகூடத்திலே பிறந்தது எனலாம்.

நம் மாகாணத்தின் தோட்டங்களை நினைக்காமல் இக்கதையைக் கூற இயலாது. இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கி 1889 இல் அமைந்த சப்பிரகமுவ, மழை வளம் மிக்க நிலம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கின்றது. தேயிலைக்கும் இறப்பருக்கும் உகந்த இவ்வீரமும் வெப்பமும் தோல் நோய்களுக்கும் உகந்தவை. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் குடியேறிய லயக் காம்பராக்களைச் சொல்லவும் வேண்டுமோ? பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அதிலே ஒரு குடும்பம், சில வேளை இரண்டு. ஒரே பாயிற் பல பிள்ளைகள். குளிப்பதற்கு ஒரே பீலி. 1872 ஆம் ஆண்டு மருத்துவத் தேவைச் சட்டமும், 1912 இல் வந்த தொழிலாளர் நோய்ச் சட்டமும் தோட்டங்களுக்கு மருத்துவ வசதி செய்யவேண்டும் என விதித்தன. ஏட்டில் இருந்த அளவுக்கு அவ்வசதி எல்லா லயங்களையும் எட்டவில்லை என்பதை நம் பாட்டன்மார் அறிவர். தோட்டத்துக்கு ஒரு சட்டமும் அயலிலுள்ள சிங்களக் கிராமத்துக்கு வேறு ஏற்பாடுமாக இருந்தது. ஆற்றிற் குளிக்கும் பிள்ளைகளின் புண்ணோ அந்த எல்லையைப் பார்க்கவில்லை.

காரணம் தெரிந்தது; மருந்து? கஸ்தெல்லானியே பல உப்புகளைக் கலந்து பறங்கி நோய்க்கென ஒரு மருந்துநீர் செய்தார். 1910 இல், ஜெர்மனியிலே போல் எர்லிக், ஜப்பானியரான ஹாட்டா ஆகியோரின் முயற்சியாற் பிறந்த 'சல்வர்சன்' என்னும் பாஷாண மருந்து வெளிவந்தது. ஓரிரு ஊசிகளிலே புண்கள் காய்ந்து உதிர்வதைக் கண்ட மக்கள் வியந்தனர். என் அப்பாயியின் காலத்தவர் 'ஊசி' என்ற சொல்லையே ஒரு மந்திரம்போற் சொன்னதற்கு இவ்வியப்பும் ஒரு காரணம் ஆகலாம். ஆயினும் அம்மருந்து நரம்பிற் செலுத்த வேண்டியது, நஞ்சுத்தன்மையும் உடையது, பலமுறை வரவேண்டும். பத்து மைல் நடந்து வரும் தாய் இரண்டாம் முறை வருவது அரிது.

பெனிசிலின் இக்குறையைத் தீர்த்தது. உடலிலே பல நாள் தங்கி வேலை செய்யும் பெனிசிலின் ஊசி ஒன்றே போதும் என்று கண்டபின், உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெப் நிறுவனமும் சேர்ந்து, 1952 முதல் 1964 வரை 46 நாடுகளிலே பெரும் இயக்கம் ஒன்றை நடத்தின. 30 கோடி மக்களைப் பரிசோதித்து, 5 கோடிப் பேருக்கு மருந்தளித்தனர். உலகில் இந்நோய் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு குறைந்தது. இவ்வியக்கத்திற்கு வழிகாட்டியோருள் ஒருவர் இந்தோனேசியாவைச் சேர்ந்த டாக்டர் கோடிஜாட். வீடு வீடாகச் சென்று நோயாளரைத் தேடும் முறையை அவர் வகுத்தார். நோயாளி மருத்துவரைத் தேடி வரட்டும் என்று காத்திராமல், மருத்துவம் நோயாளியைத் தேடிச் செல்லவேண்டும் என்பதே அவர் கொள்கை. 1961 இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது.

வெற்றி கண்டவுடன் பல நாடுகள் அயர்ந்தன. நோய் சில இடங்களிலே மீண்டும் தலைதூக்கியது. அயராது நின்ற நாட்டுக்கு இந்தியா உதாரணம். ஒடிசாவின் கோராப்புட் மாவட்டத்திலே 1996 இல் தொடங்கி, காட்டு மக்களின் குடிசைதோறும் சென்று தேடினர். 2003 இற்குப் பின் அங்கு புதிய நோயாளி எவரும் காணப்படவில்லை. 2016 இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்தியாவை யோஸ் நோயற்ற நாடென அறிவித்தது. 2012 இலோ, பப்புவா நியூகினியிலே ஓரியல் மித்ஜா என்னும் மருத்துவரும் அவர் துணைவரும், அசித்திரோமைசின் என்னும் மருந்தை ஒரே வேளை வாய்வழி கொடுத்தாற் போதும், பெனிசிலின் ஊசிக்கு அது இணையானது என்று நிறுவினர். இன்று மேற்கு ஆபிரிக்காவின் சில நாடுகளிலும் பசிபிக் தீவுகளிலும் எஞ்சியுள்ள இந்நோயை, ஊசியும் இன்றி ஒழிக்க வழி பிறந்துள்ளது. என் முப்பதாண்டு ஆசிரிய வாழ்விலே பறங்கிப் புண்ணை ஒரு பிள்ளையின் முகத்திலும் நான் கண்டதில்லை.

அப்படியாயின், அச்சிறுமியின் கன்னத்தில் இருந்தது யாது?

தாய் வந்து கேட்ட அன்றே, நான் அவர்களை அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பினேன். செய்யவேண்டியதை மூன்று மாதம் பிந்திச் செய்தேன். புண்ணின் விளிம்பிலே சுரண்டி எடுத்ததை நுண்ணோக்கியிற் பார்த்த வைத்தியர், அது 'லீஷ்மேனியாசிஸ்' என்றார். மணல் ஈ என்னும், கொசுவினும் சிறிய பூச்சி கடிப்பதால் வருவது. பள்ளி விடுமுறையிலே அக்குடும்பம் எம்பிலிப்பிட்டியப் பக்கம் உறவினர் வீட்டிலே தங்கி வந்திருந்தது. அந்தியிலே முற்றத்திற் படுத்துறங்கிய பிள்ளையை ஈ கடித்திருக்கலாம் என்றார். இந்நாட்டிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992 இல் கண்டறியப்பட்டார்; 2008 முதல் இது அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயாகியுள்ளது. இந்தியாவிலே ஈரலையும் மண்ணீரலையும் தாக்கிக் கொல்லும் காலா அசார் நோயின் கிருமி இனமே, இலங்கையிற் பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகின்றது. இதன் காரணத்தை ஆராய்ச்சியாளர் இன்னும் தேடி வருகின்றனர்.

வைத்தியர் இறுதியாகச் சொன்னதுதான் என்னைத் தலைகுனிய வைத்தது. "இது தொட்டால் ஒட்டாது, அதிபர் ஐயா, பக்கத்தில் இருந்தாலும் ஒட்டாது. ஈ இல்லாமல் பரவாது" என்றார் அவர்.

ஆம், நேயர்களே. தொட்டால் ஒட்டும் பழைய நோயின் பெயரை, தொட்டால் ஒட்டாத புதிய நோய்க்குச் சூட்டினோம். அப்பெயருக்குரிய தண்டனையை எட்டு வயதுப் பிள்ளைக்கு அளித்தோம். பறங்கியர் மேற் பழி, தாயின் ஒழுக்கத்தின் மேற் பழி, மீனின் மேற் பழி என்று முன்னோர் செய்த அதே பிழையை, வரலாறு கற்பிக்கும் நானும் செய்தேன்.

புண்ணிலேயே மருந்தை ஊசியால் ஏற்றிச் சிகிச்சை செய்தனர். கிழமைக்கு ஒரு நாள் தாய் வேலையை விட்டுப் பிள்ளையை அழைத்துச் சென்றார். சில மாதங்களிற் புண் ஆறியது. கன்னத்திலே மெல்லிய வடு ஒன்று நிலைத்துவிட்டது. வைத்தியர் சொன்ன மறுநாளே, காலைக் கூட்டத்திலே அந்நோயைப் பற்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் விளக்கி, அப்பிள்ளையை நானே அழைத்துச் சென்று முன் வாங்கில், அவளுடைய பழைய இடத்தில் இருத்தினேன். பெற்றோர் நால்வரையும் அழைத்து, தவறு என்னுடையது என்று கூறினேன்.

பெற்றோருக்கும் என்னைப் போன்ற ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கின்றேன். பிள்ளையின் முகத்திலே மூன்று நான்கு கிழமையாகியும் ஆறாத புண்ணைக் கண்டால், காரணத்தை லயத்திலே தேடாதீர்கள், வைத்தியசாலையிலே தேடுங்கள். முகத்தில் வெளிறிய திட்டுத் தோன்றினால், பெரும்பாலும் அது தீங்கற்ற தேமலாகவே இருக்கும். ஆயினும் அத்திட்டிலே உணர்ச்சி குறைந்திருந்தால் உடனே காட்டுங்கள், ஏனெனில் தொழுநோயின் தொடக்கமும் அவ்வாறு இருக்கலாம், அதற்கும் இலவசமாகவே முழுக்குணம் தரும் மருந்துண்டு. சிரங்குபோல் உண்மையிலேயே ஒட்டும் நோயாயின், சில நாள் வீட்டில் இருக்கும்படி வைத்தியரே கூறுவார். எந்தப் பிள்ளை வகுப்பில் இருக்கலாம், எந்தப் பிள்ளை இருக்கலாகாது என்ற தீர்ப்பு அவருடையது. அயலாருடையதன்று, அதிபருடையதும் அன்று.

அச்சிறுமி இப்போது மேல் வகுப்பிற் படிக்கின்றாள். வாயிலில் என்னைக் காணும்போதெல்லாம் வணக்கம் சொல்வாள். அந்தக் கன்னத்து வடுவைப் பார்க்கும்போதெல்லாம், அவள் கடைசி வாங்கிலே தனித்திருந்த அந்த நாட்கள் என் நினைவுக்கு வருகின்றன.